காத்திருக்கும் கர்ப்பம்

காலையில் மொட்டை மாடியைப் பெருக்கப் போகிறீர்கள். சதையைச் சுரண்டித் தின்றுவிட்டுப் போட்ட நாட்டு வாதாங்கொட்டைகள் நாலைந்து அங்கே உருண்டு கிடக்கின்றன. போதாக்குறைக்கு, கொடியில் உலர்த்திய வெள்ளை வேஷ்டியில் ஒரு கறை வேறு! "இந்தப் பாழாய்ப் போன வௌவாலுக்கு நம் வீடுதானா அகப்பட்டது?" என்று முணுமுணுத்துக்கொண்டே விளக்குமாற்றை எடுக்கிறீர்கள். வௌவாலுக்கும் நமக்கும் உள்ள சம்பந்தம் அநேகமாக அதோடு முடிந்துவிடுகிறது.

எங்கள் தெருவிலும் அப்படித்தான் முடிந்திருக்கும். எதிர் வீட்டு மாமி, வாசலில் நிற்கும் நெட்டிலிங்க மரத்தைக் கழித்துவிட ஓர் ஆளை அழைத்து வந்தாள். பங்குனி மாதம். மரத்தில் பாதி ஏறியவன் அங்கிருந்தே குரல் கொடுத்தான்:

"அம்மா, இங்கே ஏழெட்டு வௌவால் தொங்குது. எல்லாம் குட்டியும் கையுமா இருக்குது. என்ன செய்யட்டும்?"

மாமி சற்று நேரம் அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். பிறகு, "இறங்கிடுப்பா. பிள்ளை பெத்த வீட்டிலே போய் அரிவாளை எடுக்க வேண்டாம். அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்லி, அரை நாள் கூலியையும் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

அன்று மாலை என்னைப் பிடித்துக்கொண்டாள். "நீதான் பத்திரிகைக்கு எழுதற ஆளாச்சே! ஒண்ணு கேட்கிறேன், சொல்லு. பறக்கிற பிராணி பிள்ளைத்தாய்ச்சியா இருந்தா எப்படிப் பறக்கும்? எத்தனை மாசம் சுமக்கும்? அது எப்படி எல்லாத்துக்கும் ஒரே சமயத்திலே பிரசவமாகும்? பஞ்சாங்கமா பார்க்கிறது?"

பதில் தெரியாமல் விழித்தேன். விழித்ததோடு நிற்காமல் தேடியும் பார்த்தேன். மாமி விளையாட்டாகக் கேட்ட கடைசிக் கேள்வி இருக்கிறதே, அதற்குத்தான் விஞ்ஞானிகள் எண்பது வருஷங்களுக்கு மேலாகப் பதில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். வௌவால் பஞ்சாங்கம் பார்ப்பது உண்மைதான். அந்தப் பஞ்சாங்கம் அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. மிளகை விடச் சிறியதான சினைப்பையில் இருக்கிறது!

பதினான்கு கிலோக் குழந்தை

முதலில் ஒன்றை ஞாபகப்படுத்திக்கொள்வோம். வௌவால் பறவை அல்ல. நம்மைப் போலவே குட்டி போட்டுப் பால் கொடுக்கும் ஜாதி. அந்த ஜாதியில் உண்மையாகச் சிறகடித்துப் பறக்கத் தெரிந்தது வௌவால் ஒன்றுதான். உலகத்தில் 1,400-க்கும் மேற்பட்ட வௌவால் இனங்கள் இருக்கின்றன.

இவற்றில் பெரும்பாலானவை ஒரு பிரசவத்துக்கு ஒரே ஒரு குட்டிதான் போடும். அந்த ஒன்றும் லேசுப்பட்டதல்ல. பிறக்கும்போதே தாயின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு இருக்கும்! மனிதக் கணக்கில் சொன்னால், 55 கிலோ எடையுள்ள ஒரு பெண் 14 கிலோக் குழந்தையைப் பெற்றெடுப்பது போல. நம் வீடுகளில் மூன்று கிலோவைச் சுமக்கும் மருமகளை "மாடிப்படி ஏறாதே அம்மா" என்கிறோம். வௌவாலோ அந்தச் சுமையோடு இரவெல்லாம் பறந்து இரை தேட வேண்டும். பிரசவமான பிறகும் ஓய்வு கிடையாது. குட்டி மார்பைக் கவ்விக்கொண்டு தொங்க, அதையும் சுமந்துகொண்டு பறக்கும் தாய்களும் உண்டு.

சுமப்பதை விடப் பால் கொடுப்பதற்குத்தான் அதிகச் சாப்பாடு வேண்டும். இது பிள்ளை பெற்றவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆகையால் மரங்களில் பழமோ காற்றில் பூச்சியோ நிறைந்திருக்கும் மாதத்தில் குட்டி பிறக்க வேண்டும். முன்னால் பிறந்தாலும் ஆபத்து, பின்னால் பிறந்தாலும் ஆபத்து. "வௌவால் வீட்டுக்கு வௌவால் போனால் நீயும் தொங்கு, நானும் தொங்கு" என்று நாம் பழமொழி சொல்லிச் சிரிக்கிறோம். பஞ்ச மாதத்தில் பிறந்து தொலைத்தால் வௌவால் குட்டிக்கு உண்மையிலேயே அந்த விருந்துதான்!

நாள் தவறக் கூடாது. நாள் தவறாமல் பார்த்துக்கொள்ளும் இடம் எது, அதற்குள் என்ன நடக்கிறது? இனி அதைப் பார்ப்போம்.

காலியான வீட்டில் ஒரு தொழிற்சாலை

சினைப்பை என்பது கருமுட்டைகளின் வீடு. பெண்களாகிய உங்களுக்கும் இரண்டு உண்டு, பெண் வௌவாலுக்கும் இரண்டு உண்டு. உள்ளே நடக்கும் காரியமும் பெரும்பாலும் ஒன்றுதான்.

ஒவ்வொரு கருமுட்டையும் ஒரு சிறிய கூட்டுக்குள் இருக்கிறது. அதைச் சுற்றிச் செவிலித் தாய்களைப் போல நுண்ணிய உயிரணுக்கள் வட்டமாக நின்று போஷிக்கின்றன. முட்டை முதிர்ந்ததும் கூடு வெடிக்கிறது, முட்டை வெளியேறுகிறது. கூடு காலி.

பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட்ட வீடு மாதிரி அது வெறிச்சோடிப் போகும் என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை. முட்டையைச் சீராட்டிய அதே உயிரணுக்கள் இப்போது தொழிலையே மாற்றிக்கொள்கின்றன. ஒவ்வொன்றும் பல மடங்கு பருத்து வீங்குகிறது. சுற்றியிருந்த மெல்லிய இரத்தக் குழாய்கள் காலி வீட்டுக்குள் நுழைந்து கிளை கிளையாகப் படர்கின்றன. உயிரணுக்களுக்குள் கொழுப்புத் துளிகள் சேர்கின்றன. இந்தக் கொழுப்புதான் மூலப்பொருள். அதிலிருந்து புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் தயாராகி இரத்தத்தில் கலக்கிறது. வேலை மும்முரமாக நடக்கும்போது கொழுப்புத் துளிகள் செலவாகிக் குறையும். வேலை மந்தமானால் அவை தேங்கி நிற்கும். அடுப்படியில் அரிசி மூட்டை குறைகிறதா, அப்படியே இருக்கிறதா என்று பார்த்தே அந்த வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று சொல்லிவிடலாம் அல்லவா? பூதக்கண்ணாடியின் கீழ் உயிரணுவைப் பார்க்கும் விஞ்ஞானியும் அப்படித்தான் கணக்குப் போடுகிறார்.

இந்தத் தொழிற்சாலைக்கு 'மஞ்சள் உடல்' என்று பெயர். மனிதரிடமும் பசுவிடமும் இது பார்ப்பதற்கு மஞ்சளாக இருப்பதால் வந்த பெயர். ஹாலந்து தேசத்து டாக்டர் ரெய்னியர் டி கிராஃப் 1672-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். ஆனால் இது எதற்காக இருக்கிறது என்பது இருநூறு வருஷங்களுக்கு மேல் யாருக்கும் புரியவில்லை. ஜெர்மனியைச் சேர்ந்த லுட்விக் ஃப்ராங்கெல் முயல்களிடம் செய்த சோதனைகளை 1903-ல் வெளியிட்டார். மஞ்சள் உடலை அழித்துவிட்டால் கர்ப்பம் நிலைப்பதில்லை என்று தெரிந்தது. 1929-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் கார்னர், வில்லர்ட் ஆலன் என்ற இருவர், மஞ்சள் உடலிலிருந்து எடுத்த சத்தைச் செலுத்தி, சினைப்பையே இல்லாத முயலின் கர்ப்பத்தைக் காப்பாற்றிக் காட்டினார்கள். அந்தச் சத்தைச் சுத்தமாகப் பிரித்தெடுத்தது 1934-ல். அதுதான் புரொஜெஸ்டிரோன். கரு தங்குவதற்குக் கர்ப்பப்பையைப் படுக்கை விரித்துத் தயார் செய்வதும், அது சுருங்கி உதைத்துவிடாமல் அமைதியாக வைத்திருப்பதும் இதன் வேலை. கர்ப்பம் நிலைக்க வேண்டும் என்று டாக்டர் சில பெண்களுக்கு எழுதிக் கொடுக்கும் மாத்திரைகளில் இருப்பதும் இதுவேதான்.

மனிதரிடம் கரு தரிக்காவிட்டால் மஞ்சள் உடலுக்கு ஆயுள் சுமார் 14 நாள். கரு தரித்துவிட்டால் இன்னும் சில வாரங்கள் உழைத்து, பிறகு நஞ்சுக்கொடியிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு ஓய்ந்துவிடுகிறது. வெண்மையான ஒரு சிறு தழும்புதான் மிச்சம்.

வௌவால்களிடம் இந்தக் கதை இனத்துக்கு இனம் வேறுபடுகிறது. சிலவற்றில் மஞ்சள் உடல் பாதிக் கர்ப்பத்திலேயே சுருங்கிவிடும். சிலவற்றில் பிரசவம் வரை காவல் நிற்கும். சில இனங்களில் அது இத்தனூண்டு சினைப்பைக்குள் இடம் போதாமல் வெளியே துருத்திக்கொண்டுகூட நிற்கும்!

வலமா, இடமா?

நம் தேசத்தில் இந்த வௌவால் மகப்பேற்றை ஆராய்வதில் ஒரு பரம்பரையையே உண்டாக்கியவர் நாகபுரிப் பேராசிரியர் ஏ. கோபாலகிருஷ்ணா. குகைகளிலும் பாழடைந்த கட்டடங்களிலும் வாழும் ரூசெட்டஸ் என்ற பழந்தின்னி வௌவாலைப் பற்றி 1964-ல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்.

வௌவாலின் கர்ப்பப்பை நம்முடையதைப் போல ஒரே பை அல்ல. வலது, இடது என்று இரண்டு கிளைகள். ரூசெட்டஸ் தாய் ஒரு கிளையில் சுமந்த குட்டியை ஈன்றவுடன், மார்பில் அது பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே மறு கிளையில் அடுத்த கர்ப்பம் தரித்துவிடுகிறது. வருஷத்துக்கு இரண்டு பிரசவம்!

இது எப்படிச் சாத்தியம்? இரண்டு சினைப்பைகளும் முறை வைத்து வேலை செய்கின்றன. ஒரு பக்கத்தில் மஞ்சள் உடல் தன் கடமையை முடித்துச் சுருங்கும் வேளையில், மறு பக்கத்தில் புதிய கருமுட்டை பழுத்துத் தயாராகிவிடுகிறது. ஓர் அடுப்பில் குழம்பை இறக்கும்போது மறு அடுப்பில் உலை கொதிப்பதைப் போல.

வளைசிறகு வௌவால் என்று ஒன்று உண்டு. அதன் வழி இன்னும் விசித்திரமானது. முட்டை வருவது இடது சினைப்பையிலிருந்து. கரு வளர்வதோ கர்ப்பப்பையின் வலது கிளையில். பிறந்த வீடு ஓரிடம், வாழப் போகும் வீடு வேறிடம்!

நம் ஆலமரங்களிலும் அரச மரங்களிலும் நூற்றுக்கணக்கில் தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவாலை மார்ஷல் என்பவர் ஆராய்ந்து 1953-ல் எழுதினார். அதில் மஞ்சள் உடல் எந்தப் பக்கத்துச் சினைப்பையில் இருக்கிறதோ, அந்தப் பக்கத்துக் கர்ப்பப்பைக் கிளை மட்டும்தான் கருவுக்குப் படுக்கை விரிக்கிறது. அடுத்த கிளை தனக்குச் சம்பந்தமே இல்லாதது போல் சும்மா இருக்கிறது. பெரிய வௌவால்களில் இந்த ரகசியத்தைப் பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். சினைப்பையின் இரத்தக் குழாய்கள் ஒன்றோடொன்று நெருங்கிப் பின்னியிருப்பதால், ஹார்மோன் உடம்பெல்லாம் சுற்றி வராமல் நேரே பக்கத்துக் கிளைக்கே போய்ச் சேருகிறது.

பனிக்காலத்தில் ஒரு கட்டுச் சோறு

இனி மாமியின் பஞ்சாங்கத்துக்கு வருவோம். நாள் பார்த்துப் பிரசவிக்க வௌவால்கள் கையாளும் தந்திரம் ஒன்றுதான்: காத்திருத்தல். ஆனால் எந்தக் கட்டத்தில் காத்திருப்பது என்பதில்தான் இனத்துக்கு இனம் வித்தியாசம். சிலவற்றில் முட்டை காத்திருக்கிறது. சிலவற்றில் கரு காத்திருக்கிறது.

அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் சின்னப் பழுப்பு வௌவால் என்று ஒன்று இருக்கிறது. எடை பத்துக் கிராமுக்குள். இலையுதிர் காலத்தில் அவை ஜோடி சேருகின்றன. உடனே குளிர்காலம் வந்துவிடுகிறது. பூச்சி கிடையாது, இரை கிடையாது. குகைக்குள் தொங்கியபடி மாதக் கணக்கில் உறங்கிவிடுகின்றன. உடம்பின் சூடு குகையின் குளிரளவுக்கு இறங்கிவிடுகிறது.

இந்த உறக்கம் முழுவதும் ஆணின் விந்தணுக்கள் பெண்ணின் கர்ப்பப்பையில் உயிரோடு தங்கியிருக்கின்றன. சினைப்பையிலோ ஒரே ஒரு முட்டைக் கூடு மட்டும் வெடிக்காமல் காத்திருக்கிறது. வில்லியம் விம்சாட் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1944-ல் இந்தக் கூட்டை விவரமாக வருணித்தார். முட்டையைச் சுற்றியுள்ள செவிலி உயிரணுக்கள் வழக்கத்துக்கு மாறாகப் பருத்து, கிளைகோஜென் என்ற சர்க்கரைச் சேமிப்பால் நிரம்பியிருக்கின்றன. தூர தேசத்துக்குப் போகும் பெண்ணுக்குத் தாய் கட்டுச் சோறு கட்டிக் கொடுப்பது போல! வசந்தம் பிறந்து தாய் கண் விழித்ததும் கூடு வெடிக்கிறது. ஐம்பது அறுபது நாளில் குட்டி பிறக்கிறது. அப்போது காற்றெல்லாம் பூச்சி.

வளைசிறகு வௌவால் ஐரோப்பாவில் இதற்கு நேர்மாறாகச் செய்கிறது. இலையுதிர் காலத்திலேயே கரு உண்டாகிவிடுகிறது. ஆனால் அந்தக் குட்டியூண்டுக் கரு கர்ப்பப்பையில் ஒட்டாமல், குளிர்காலம் முழுவதும் சும்மா மிதந்துகொண்டிருக்கிறது. அதுவரை சினைப்பையின் மஞ்சள் உடலும் அடங்கியே கிடக்கிறது. வசந்த காலத்தில் அது சுறுசுறுப்படைந்த பிறகுதான் கரு ஒட்டி வளர ஆரம்பிக்கிறது.

காசியில் கண்ட அதிசயம்

"குளிர் தேசத்து விவகாரம் நமக்கு எதற்கு?" என்கிறீர்களா? சரி, காசிக்கு வாருங்கள்.

பனாரஸ் இந்து சர்வகலாசாலையில் பேராசிரியர் அமிதாப் கிருஷ்ணாவும் அவருடைய மாணவர்களும் ஆராய்ந்த வௌவால்களில் ஒன்று, நமக்கு மிகவும் அறிமுகமானது. குறுமூக்குப் பழந்தின்னி. மொட்டை மாடியில் வாதாங்கொட்டை போடுகிற, மாமி வீட்டு நெட்டிலிங்கத்தில் தொங்குகிற அதே வௌவால்தான்.

இது வருஷத்துக்கு இரண்டு முறை பிரசவிக்கிறது. கிருஷ்ணாவும் மீனாகுமாரியும் 2005-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் ஓர் ஆச்சரியம் வெளிப்பட்டது. கோடையில் தரிக்கும் கர்ப்பம் சுமார் 125 நாளில் முடிந்துவிடுகிறது. குளிர்காலத்தில் தரிப்பதோ சுமார் 150 நாள் நீடிக்கிறது! ஒரே தாய், ஒரே அளவுக் குட்டி. பின் ஏன் இந்த 25 நாள் வித்தியாசம்?

குளிர்காலக் கரு கர்ப்பப்பையில் ஒட்டிக்கொள்கிறது, கொஞ்சம் வளர்கிறது. நவம்பர், டிசம்பர் மாதங்களில் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடுகிறது. சாகவும் இல்லை, வளரவும் இல்லை. பிறகு தானாகவே மறுபடி வளரத் தொடங்கி, மார்ச் வாக்கில் குட்டியாகப் பிறக்கிறது.

விடை சினைப்பையில் இருந்தது. கரு காத்திருக்கும் அந்தக் காலத்தில் தாயின் இரத்தத்தில் புரொஜெஸ்டிரோன் வெகுவாகக் குறைந்துபோகிறது. மஞ்சள் உடல் அழிந்துவிடவில்லை. தொழிற்சாலையின் கதவு திறந்தே இருக்கிறது, வேலையை மட்டும் குறைத்துக்கொண்டிருக்கிறது. அதே மாதங்களில் தாயின் உடம்பில் கொழுப்புச் சேருகிறது. குளிர்காலத்துக்கென்று தாய் தன் களஞ்சியத்தை நிரப்பும் சமயத்தில், "கொஞ்சம் பொறு" என்று கருவுக்குச் சொல்லப்படுகிறது. களஞ்சியம் தயாரானதும் மஞ்சள் உடலின் உயிரணுக்கள் மறுபடி சுறுசுறுப்பாகின்றன, கரு வளர்கிறது. ஒவ்வொரு தாய்க்கும் இந்தக் கணக்கு ஒன்றாகவே இருப்பதால்தான், ஒரே மரத்தில் ஏழெட்டுத் தாய்கள் ஒரே சமயத்தில் குட்டியும் கையுமாக இருக்கின்றன. மாமியின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதல்லவா?

காசியில் ஆராய்ந்த இன்னொரு வௌவாலைப் பற்றியும் வாசகிகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பூச்சி தின்னும் மஞ்சள் வௌவால் அது. 1996-ல் கிருஷ்ணாவும் அபிலாஷாவும் அதைப் பற்றி எழுதினார்கள். குளிர்காலத்தில் அதன் சினைப்பையில், முட்டைக் கூட்டை வெளியே சூழ்ந்திருக்கும் உயிரணுக்கள் ஆண் தன்மையுள்ள ஹார்மோனை ஏராளமாகச் சுரக்கின்றன. உடம்பு பருக்கிறது. இன்சுலின் அதிகமாகிறது. முட்டை வெளிவராமல் மாதக் கணக்கில் தடைப்பட்டு நிற்கிறது.

எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? உங்கள் மகளுக்கோ தங்கைக்கோ டாக்டர் "சினைப்பையில் நீர்க்கட்டி" என்று சொல்லியிருக்கலாம். பி.சி.ஓ.எஸ். என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். ஏறக்குறைய பத்தில் ஒரு பெண்ணுக்கு இருக்கக்கூடிய கோளாறு இது. அதன் அடையாளங்கள் பலவும் இந்த வௌவாலுக்கு ஒவ்வொரு குளிர்காலமும் வருகின்றன. குளிர் நீங்கியதும் தானாகவே போயும் விடுகின்றன. மார்ச் மாதத்தில் முட்டை வெளிவந்து, கர்ப்பமும் தரித்துவிடுகிறது! பெண்களைப் பல வருஷம் வாட்டும் ஒன்றை இந்தப் பிராணி எப்படி ஆண்டுதோறும் கழற்றி எறிகிறது என்பதில் விஞ்ஞானிகளுக்கு அக்கறை இருப்பதில் வியப்பென்ன? இதனால் நாளைக்கே மருந்து வந்துவிடும் என்று சொல்லவில்லை. டாக்டரிடம் போவதை நிறுத்திவிட வேண்டாம். ஆனால் "என் உடம்பிலேதான் ஏதோ குறை" என்று மனம் புழுங்கும் பெண்ணுக்கு, இயற்கையில் இதற்கும் ஓர் இடம் உண்டு என்று தெரிவது கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

ஒன்றே ஒன்று

இவ்வளவு தந்திரமும் எதற்காக? ஒரே ஒரு குட்டிக்காக. எலி ஓர் ஈற்றில் அரை டஜனுக்கு மேல் போடும். நாலு போனாலும் நாலு தங்கும். வௌவாலுக்கு அந்தச் சலுகை கிடையாது. வருஷத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. கூட்டத்தில் ஒரு தாய் செத்தால் அந்த இடம் நிரம்ப வெகு காலம் பிடிக்கும்.

விம்சாட் ஆராய்ந்த சின்னப் பழுப்பு வௌவாலின் கதியைக் கேளுங்கள். 2006-ல் நியூயார்க் மாகாணத்தில் ஒரு குகையில், உறங்கும் வௌவால்களின் மூக்கில் வெள்ளைக் காளான் பூத்திருப்பதைக் கண்டார்கள். 'வெள்ளை மூக்கு நோய்' என்று பெயர் வைத்தார்கள். அது குளிர்கால உறக்கத்தை அடிக்கடி கலைத்து, சேமித்த கொழுப்பைக் கரைத்து, பட்டினி போட்டுக் கொல்கிறது. இலட்சக் கணக்கில் மடிந்தன. நோய் பரவிய இடங்களில் பத்து வருஷத்துக்குள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அழிந்துவிட்டன என்று 2021-ல் கணக்கிட்டார்கள். எஞ்சிய தாய்கள் வருஷத்துக்கு ஒரு குட்டியாகப் பெற்று அந்தக் கூட்டத்தைத் திரும்ப நிரப்ப எத்தனை தலைமுறை ஆகும்! சர்க்கரைக் கட்டுச் சோற்றோடு காத்திருந்த அந்த முட்டைகளில் எத்தனை வசந்தத்தைக் காணாமலே போயினவோ!

நம் தேசத்தில் அந்த நோய் இல்லை. நாமே போதும்! பழந்தின்னி வௌவாலின் இறைச்சி இருமலுக்கும் இழுப்புக்கும் நல்லது என்று சொல்லிச் சுட்டுத் தின்றார்கள். 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தில், காகம், சுண்டெலி, எலி இவற்றோடு பழந்தின்னி வௌவாலையும் சேர்த்துத் 'தொல்லைப் பிராணிகள்' பட்டியலில் வைத்திருந்தார்கள். ஐம்பது வருஷம் அந்தப் பெயர் நீடித்தது. 2022-ல் சட்டத்தைத் திருத்தியபோதுதான் அந்தப் பட்டியலே போயிற்று.

சட்டத்துக்கு முன்பே புத்தி வந்த ஊர்களும் உண்டு. மதுரைப் பக்கத்தில் புளியங்குளம் என்ற கிராமத்து ஆலமரத்தில் தொங்கும் வௌவால்களை ஊரார் தொடுவதில்லை. மரத்தில் முனி குடியிருக்கிறார், அவருடைய காவலில் இருக்கும் ஜீவன்கள் இவை என்பது நம்பிக்கை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்து விஞ்ஞானி மாரிமுத்து 1988-ல் இதைப் பற்றி எழுதி, வெளிநாட்டாரையும் அறியச் செய்தார். அந்த வௌவால்கள் நன்றி கெட்டவையும் அல்ல. இலுப்பைப் பூவில் மகரந்தச் சேர்க்கை செய்வது பழந்தின்னி வௌவால்கள்தாம். கோயிலில் இலுப்பெண்ணெய் விளக்கு ஏற்றும்போது, அந்த வெளிச்சத்தில் வௌவாலுக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்களால் ஆகக்கூடியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. மரத்தைக் கழிப்பதற்கு முன்னால் ஆளை விட்டு ஒரு தரம் அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். குட்டிகள் இருந்தால் சில வாரம் தள்ளிப் போடுங்கள். குட்டி கீழே விழுந்து கிடந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். குழந்தைகளையும் தொடவிடாமல், வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். வௌவால் கடித்த பழத்தைச் சாப்பிட வேண்டாம். அது கீழே போட்டதை மண்ணில் புதைத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். இவ்வளவு ஜாக்கிரதை இருந்தால் அதுவும் நாமும் ஒரே தெருவில் குடியிருக்கலாம்.

இதையெல்லாம் மாமியிடம் போய்ச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். 125 நாள், 150 நாள் கணக்கை விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"அப்படின்னா ஆடி மாசம் மறுபடியும் பிரசவமா?"

"ஆமாம் மாமி, ஏறக்குறைய அப்போதுதான்."

"சரி, அப்போ மரத்தை ஐப்பசியிலே பார்த்துக்கறேன். வேஷ்டியை மட்டும் வேற பக்கம் உலர்த்தணும்" என்று சொல்லிவிட்டு, மாமி விளக்கேற்ற உள்ளே போனாள்.